பனிக்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கைப் படத்திலேனும் காணாதவர் சிலரே. அப்படங்களில் வெயிலும் செம்பாறையுமே மிகுதி. அதே பாறைகளின்மேல் வெண்பனி படர்ந்திருக்கும் கோலத்தை, ஒரு சனவரி மாதத்தில் எங்கள் வயது முதிர்ந்த நாயுடன் அங்குச் சென்றபோதுதான் கண்டோம்.

கொலராடோ ஆறு அறுத்த இப்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமுடையது. நாங்கள் நடந்த தென் விளிம்பு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஆறோ அதற்குக் கீழே ஒரு மைல் ஆழத்தில் ஓடுகிறது. எதிரேயுள்ள வட விளிம்பு இன்னும் ஆயிரம் அடி உயரம். பனிக்காலத்தில் அங்குச் செல்லும் சாலையை மூடிவிடுகிறார்கள்.

நாயுடன் வருவோர்க்கு அங்குள்ள விதி எளியது. விளிம்பின்மேல் உள்ள பாதையில் நடக்கலாம்; கீழே இறங்கும் பாதைகளில் நாய்க்கு இடமில்லை. கயிறும் ஆறடிக்கு மேல் நீளலாகாது. இவ்விதி சற்று மிகையானது என்றே புறப்படும்போது நாங்கள் பேசிக்கொண்டோம். எங்கள் நாய் ஓடுவதை மறந்து ஆண்டுகள் ஆயின அல்லவா!

காலையில் மேதர் முனையில் நின்றோம். பள்ளம் முழுவதும் மூட்டம். ஒன்றும் தெரியவில்லை. ஏமாற்றத்தோடு யவப்பாய் முனைக்கு நடப்பதற்குள் மூட்டம் கிழிந்தது. ஒரு பாறை முகடு தோன்றி மறைந்தது, பிறகு மற்றொன்று. நாய் இவற்றில் எதையும் பொருட்படுத்தாமல் ஜூனிப்பர் மரத்தடிகளை மோந்துகொண்டு வந்தது. நூறடிக்கு ஒருமுறை நின்று ஒரு காலைத் தூக்கும். விரல்களுக்கிடையே பனி திரண்டு கல்லாகி வலிப்பதை உணர்ந்து, கையுறையைக் கழற்றி, உள்ளங்கைச் சூட்டால் அதைக் கரைத்து எடுப்போம். எங்கள் நடையின் பெரும்பகுதி இப்பணியிலேயே கழிந்தது.

யவப்பாயிலிருந்து ஊர் நோக்கிச் செல்லும் பாதையில், மீட்டருக்கு ஒன்றாக வெண்கலக் குறிகள் பதித்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் பத்து இலட்சம் ஆண்டுகளைக் குறிக்கும். விளிம்பின் சுண்ணாம்புப் பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. ஆற்றோரக் கரும்பாறைக்கோ 170 கோடிக்கு மேல். எங்கள் கையிலிருந்த ஆறடிக் கயிறு பதினெட்டு இலட்சம் ஆண்டு நீளம்! ஜெர்மனியின் பான் நகர்ப்புறத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு பழங்கல்லறை கண்டெடுக்கப்பட்டது. அதில் ஓர் ஆண், ஒரு பெண், அவர்களுடன் ஒரு நாய். அந்நாய் குட்டிப் பருவத்தில் கடும் நோயுற்றதையும், மனிதர் பேணியிராவிடில் பிழைத்திருக்காது என்பதையும் அதன் பற்களைக் கொண்டு அறிஞர்கள் கணித்துள்ளனர். அது நடந்து ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். இப்பாதையில் அது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை.

இதைக் கணக்கிட்டுக்கொண்டே ஒரு நிழல் திருப்பத்தை அடைந்தோம். வெயில் படாத அவ்விடத்தில் பனி கண்ணாடியாக இறுகியிருந்தது. விளிம்பில் கம்பி வேலி இல்லை. காலணியில் மாட்டும் இரும்பு முட்கள் எங்கள் பையிலேயே கிடந்தன. அந்நேரம் பார்த்து ஓர் அண்டங்காக்கை அருகில் வந்து அமர்ந்தது. ஓட மறந்த நாய் பாய்ந்தது. கயிறு விறைத்தது, கயிற்றைப் பிடித்திருந்தவர் கால் வழுக்கி விழுந்து, விளிம்பு நோக்கிச் சறுக்கினார். ஒரு ஜூனிப்பர் மரத்தின் அடிமரம் தடுத்தது. அதற்கப்பால் நான்கு முழம் தரை, பிறகு வெறுவெளி. நாய், தான் செய்தது இன்னதென்று அறியாமல், விழுந்தவர் முகத்தை நக்கியது.

முட்களை மாட்டிக்கொண்டோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.

நண்பகலில் பிரைட் ஏஞ்சல் பாதை கீழிறங்கும் இடத்தை அடைந்தோம். கோவேறு கழுதைகள் வரிசையாக, மூக்கில் ஆவி பறக்க, குறுகிய பனிவழியில் ஏறி வந்தன. அவ்வழியில் ஒரு நாய் குரைத்தால் என்னாகும் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்களில் ஒருவர் மட்டும் சற்றுத் தொலைவு இறங்கிப் பார்ப்பதென்று முன்னரே முடிவு செய்திருந்தோம். இப்போது அதை யாரும் நினைவூட்டவில்லை. கயிற்றை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொண்டு, கடைசிக் கழுதை கடந்து போகும்வரை ஒதுங்கி நின்றோம். நாய் எங்கள் பாதத்தின்மேல் அமர்ந்து, மறுபடியும் ஒரு காலைத் தூக்கிக் காட்டியது.