நாற்பது பக்க நோட்டில் நேபாளம்

எங்கள் ஊரில் "வெளிநாடு போயிருக்கான்" என்றால் "எதைப் பார்க்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். "என்ன சம்பளம்?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஊரில்தான் என் அண்ணன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, "தஞ்சாவூர் - காட்மாண்டு, மோட்டார் சைக்கிள் பயணம்" என்று முதல் பக்கத்தில் எழுதினான். அது 2022 மார்கழி. நான் அப்போது எட்டாம் வகுப்பு.

வண்டி, அப்பாவின் பழைய ஸ்ப்ளெண்டர். உர மூட்டை ஏற்றி ஏற்றி சீட்டெல்லாம் கிழிசல். "இதுலயா அண்ணே?" என்றேன். "விசாகப்பட்டினத்துக்காரர் பரத்வாஜ் தயாளா 2006-ல கரிஸ்மாவுல கிளம்பி உலகத்தையே சுத்திட்டு வந்தாரு. நாம நேபாளம்தானடா!" என்றான்.

முதலில் இலங்கையைத்தான் நினைத்தோம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை கடல் வழியில் சுமார் 110 கி.மீ.தான். ஆனால் அப்போது கப்பல் இல்லை. பல நாடுகளுக்கு நம் வண்டியைக் கொண்டுபோக 'கார்னே' என்ற சுங்கப் பத்திரம் வேண்டும். அதற்குப் பெரிய தொகை ஜாமீன். பூட்டானில் ஓர் இரவுக்கு இந்தியருக்கு 1,200 ரூபாய் கட்டணம். நேபாளத்துக்கோ விசா கிடையாது. நம் லைசென்ஸ் செல்லும். எல்லையில் 'பன்சார்' என்ற சுங்கச் சீட்டு வாங்கி, நாள் கணக்கில் பணம் கட்டினால் போதும். நம் 100 ரூபாய் அங்கே 160 ரூபாய். "வாக்காளர் அட்டையே போதுமாம், பாஸ்போர்ட்டே வேணாம்டா!" என்று அண்ணன் துள்ளினான்.

நாக்பூர், கோரக்பூர், சுனௌலி வழியாகப் போக ஏழு நாள், வர ஏழு நாள், அங்கே ஆறு நாள். எல்லை தாண்டியதும் புத்தர் பிறந்த லும்பினி. மொத்தம் 6,000 கி.மீ. லிட்டருக்கு 60 கி.மீ. என்றால் 100 லிட்டர் பெட்ரோல், சுமார் 10,000 ரூபாய். சாப்பாடு, தங்கல் 8,000. டயர், செயின், சர்வீஸ் 4,000. அவசரச் செலவு 2,000. ஆக 24,000. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நாற்றங்கால் வேலை வந்துவிடும். அதற்குள் திரும்ப வேண்டும்.

அப்பா நோட்டைப் பார்த்தார். "சுத்திப் பாக்கப் போக நாம என்ன மிராசுதாரா?" என்றார். ராத்திரி சாப்பிடும்போது, "சம்பா நல்லா வந்தா பாதி தர்றேன்" என்றார். மீதி 12,000-ஐ அண்ணன் மெக்கானிக் கடைச் சம்பளத்தில் சேர்த்து நோட்டுக்குள்ளேயே வைத்திருந்தான்.

2023 பிப்ரவரி முதல் வாரம், அறுக்கிற நேரத்தில் மழை. டெல்டாவில் எங்கு பார்த்தாலும் சம்பா சாய்ந்து கிடந்தது. எங்கள் ஒன்பது மாவிலும் கதிர் தண்ணீருக்குள்ளேயே முளைவிட்டது. சாய்ந்த பயிரை அறுக்க மெஷினுக்கு நேரம் அதிகம், வாடகையும் அதிகம். அண்ணனை யாரும் கேட்கவில்லை. அவனே நோட்டைத் திறந்து பணத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்தான். அப்பா எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பாஸ்போர்ட் வேண்டாம் என்று துள்ளியவன், அந்தக் கோடையில் 1,500 ரூபாய் கட்டி பாஸ்போர்ட் எடுத்தான். கட்டட வேலைக்கு சிங்கப்பூர். திருச்சியில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் வெளிநாடு போய்விட்டான். வழியில் ஓர் ஊரைக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கைக்குக் கப்பல் விட்டார்கள். அன்றைக்கே போன் வந்தது. "டேய், வண்டிய ஏத்துவாங்களான்னு விசாரி!" விசாரித்தேன். அது ஆட்கள் மட்டும் போகிற கப்பல். "சரி, நோட்டுல எழுதி வை" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் மூடி வைத்த நோட்டை அவன் இன்னும் மூடவே இல்லை.

லைசென்ஸ் எடுக்க எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஞாயிறுதோறும் ஸ்ப்ளெண்டர் செயினுக்கு ஆயில் விடுகிறேன். கணக்கில் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறேன். 'அவசரச் செலவு' என்றால் நாங்கள் பஞ்சரை மட்டும்தான் நினைத்தோம். இப்போது அதற்கு மேலே 'வீட்டுக்கு' என்று தனியாக ஒரு வரி போட்டிருக்கிறேன்.

நண்பர்களே, நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.