மல்லர் கம்பம்: சிவாஜி பூங்காவிலிருந்து வீட்டுக்கூடம் வரை

தாதர் நிலையத்தின் மேற்குப் புறம் இறங்கி, பூக்கடைகளின் நெரிசலைக் கடந்து, கடல் இருக்கும் திசை நோக்கி ஏறத்தாழ ஒரு கல் தொலைவு நடந்தால் சிவாஜி பூங்கா எதிர்ப்படும். 1925ஆம் ஆண்டில் மாஹிம் பூங்கா என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்று, 1927இல் இன்றைய பெயரைப் பெற்ற பரந்த வெளி அது. பூங்கா என்பது பெயரளவில்தான். மலரும் கொடியும் குறைவு, செம்மண் பரப்பே மிகுதி. சுற்றிலும் ஓடும் குட்டைச் சுவரை மராட்டியர் ‘கட்டா’ என்று அழைக்கின்றனர். முதியோர் அதன்மேல் அமர்ந்து நாட்டு நடப்பையும் வீட்டு நடப்பையும் ஒருங்கே அலசுவர். நம்மவருள் பெரும்பாலோர்க்கு இவ்விடம் கிரிக்கெட்டினால் மட்டுமே அறிமுகம். சச்சின் டெண்டுல்கர் சிறுவயதில் பயின்ற மைதானம் ஆயிற்றே! நாங்கள் சென்ற மாலையிலும் பந்தாட்டம் பல மூலைகளில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நாங்கள் தேடிச் சென்றது வேறொன்று.

எங்கள் குடியிருப்பிலேயே வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் அப்போது ஒரு வழக்கு எழுந்திருந்தது. பதின்மூன்று வயதுப் பெண், வீட்டுக்கூடத்தில் எஃகுக் கம்பம் ஒன்றை நாட்டி, அதில் ஏறிச் சுழன்று ஆடும் கம்ப நடனத்தைப் பொழுதுபோக்காகப் பழக வேண்டும் என்று கேட்டாள். கைப்பேசியில் பார்த்த ஆசை. தாய் முகம் சுளித்தார். பாட்டியோ, “நம்ம வீட்டுப் பெண் கழைக்கூத்தாடியாகப் போகிறாளா? ஊரில் கேட்டால் என்ன சொல்வார்கள்?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தந்தை யார் பக்கமும் சாராமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவ்வீட்டாருக்கு, ‘முதலில் சிவாஜி பூங்காவில் உள்ளதைப் பார்ப்போம், பிறகு பேசுவோம்’ என்று யோசனை கூறியது நாங்கள்தாம். ஆகவே இரு குடும்பமும் சேர்ந்தே புறப்பட்டோம்.

பூங்காவின் ஓரத்தில் ஸ்ரீ சமர்த்த வியாயாம மந்திரம் என்னும் உடற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. அங்கே மண்ணில் ஆழ ஊன்றிய மரக்கம்பம் ஒன்றின் முன் சிறுவர் வரிசையாக நின்றனர். தேக்கு அல்லது சீசம் மரத்தில் கடைந்தெடுப்பது வழக்கம். தரைக்குமேல் ஏறத்தாழ 225 செண்டிமீட்டர் உயரம். அடியில் ஏறத்தாழ 55 செண்டிமீட்டர் சுற்றளவு. மேலே போகப் போகச் சிறுத்து, கழுத்துப்போல் ஒடுங்கி, உச்சியில் ஒரு குமிழில் முடியும். ஒரு சிறுவன் கம்பத்தைத் தொட்டு வணங்கினான், ஓடிவந்து தாவினான். அடுத்த கணம் அவன் தலை கீழாகவும் கால் மேலாகவும் இருந்தன. தொடையாலும் முழங்காலாலும் கம்பத்தைக் கவ்வி, கைகளை விரித்து, வானத்தைப் பார்த்தபடி ஒரு நொடி அசையாது நின்றான். பிறகு மேலேறி, அந்தச் சிறு குமிழின்மேல் ஒற்றைக் காலில் நின்றான். போட்டிகளில் இவ்வளவும் ஒன்றரை நிமிடத்திற்குள் அடங்கிவிட வேண்டும் என்பது விதி. பார்ப்பவருக்கு அந்த ஒன்றரை நிமிடம் மிக நீண்டது.

இதுதான் மல்லகம்பம், நம் தமிழில் மல்லர் கம்பம். மற்போர் வீரர், எதிரி இல்லாத வேளையில் மரத்தையே எதிரியாகப் பாவித்துப் பிடி பழகுவதற்கு ஏற்பட்டது. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய மானசோல்லாசம் என்னும் வடமொழி நூலில் இக்கம்பத்தின் குறிப்பு உண்டு. அம்மன்னனுடைய தலைநகர் கல்யாணி, இன்றைய பசவகல்யாண் ஆகும். நாம் நாள்தோறும் வண்டி மாறும் கல்யாண் அன்று. பின்னர் மங்கிக் கிடந்த இவ்வித்தையை, கடைசிப் பேஷ்வாவான இரண்டாம் பாஜிராவின் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவதர் என்னும் ஆசான் புதுப்பித்தார். மரத்திலே குரங்குகள் தாவுவதைக் கண்டு அவர் பிடிகளை அமைத்தார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. கதை எப்படியாயினும், கம்பத்தில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. 1818இல் ஆட்சியிழந்த பேஷ்வா கான்பூரை அடுத்த பிட்டூரில் குடியமர்ந்தார். வித்தையும் கங்கைக் கரைக்குச் சென்றது. அங்கே வளர்ந்த மணிகர்ணிகை என்னும் சிறுமி மல்லகம்பம் பழகினாள் என்று மராட்டியர் பெருமையோடு சொல்வர். அவளே பிற்காலத்தில் ஜான்சி ராணி லட்சுமிபாய். இந்தச் செய்தியைக் கேட்டதும் பாட்டியின் முகத்தில் ஒரு சிறு மாறுதல் தெரிந்தது. “அந்த லட்சுமிபாயா?” என்று இருமுறை கேட்டார்.

அவரை முழுவதும் வென்றது கம்பம் அன்று, கயிறு. முற்றத்தின் மற்றொரு பக்கத்தில் பருத்திக் கயிறு ஒன்று மேலிருந்து தொங்கியது. ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். பெண் பிள்ளைகள் அதைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே இறுக்கிக்கொண்டு ஏறினர். முடிச்சு ஒன்றுமில்லை. இடுப்பிலும் தொடையிலும் கயிற்றைச் சுற்றிக்கொள்வதே பிடி. அந்தச் சுற்றில் உடலின் பாரத்தை ஒப்படைத்துவிட்டுக் கைகளை விடுகின்றனர். பாரம் அழுத்த அழுத்தச் சுற்று இறுகுகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். உயரத்தில் ஒரு சிறுமி பத்மாசனமிட்டு அமர்ந்து கைகூப்பினாள். பாட்டியும் தம்மையறியாமல் கைகூப்பிவிட்டார்.

முன்பெல்லாம் பெண்களுக்குக் கயிறு, ஆண்களுக்குக் கம்பம் என்றே பெரும்பாலும் வகுத்திருந்தனர். இன்று பெண்கள் கம்பத்திலும் ஏறிப் போட்டியிடுகின்றனர். ஆண்களுக்கு இவ்விரண்டோடு, சங்கிலியில் தொங்கிச் சுழலும் குட்டைக் கம்பமும் உண்டு. இக்கழகத்தில் நெடுங்காலமாகப் பயிற்றுவித்துவரும் உதய் தேஷ்பாண்டே அவர்களுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் முதலாவது உலக மல்லகம்பப் போட்டி நடந்ததும் இதே சிவாஜி பூங்காவில்தான். அதற்கு வெகு முன்னரே, 1936இல், அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் பெர்லினுக்குச் சென்று ஒலிம்பிக் காலத்தில் இவ்வித்தையைக் காட்டி மீண்டனர். கோலாப்பூர்ச் செருப்பும் வடாபாவும் வாங்கத் தெரிந்த நமக்கு, வீட்டிலிருந்து அரைமணிப் பயணத்தில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் ஆண்டுகள் கழிகின்றன.

கழைக்கூத்து என்னும் சொல்லைப் பற்றியும் அன்று பேச்சு எழுந்தது. மூங்கிலை நட்டு ஏறி, தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர்களை நம் ஊரார் இழிவாகவே எண்ணிவந்தனர்; அப்பெயரையே வசைச்சொல்லாகவும் ஆக்கினர். திறமைக்கு நாம் செய்த கைம்மாறு அது. ஆனால் குறுந்தொகையின் ஏழாம் பாடலில், வாகை நெற்றுகள் காற்றில் எழுப்பும் ஒலிக்கு, ஆரியர் கயிற்றின்மேல் ஆடும்போது கொட்டும் பறையொலியை உவமையாகப் புலவர் ஆள்கிறார். வடக்கிலிருந்து வந்த கூத்தரின் ஆட்டம் அன்றைய தமிழ்க் காதுகளில் அவ்வளவு பதிந்திருந்தது போலும். இன்று தமிழ்ப் பெண் ஒருத்தி வடக்கே வந்து அதே கயிற்றைப் பற்றினால் குலப்பெருமை குறைந்துவிடாது. பெரு மல்லன் என்னும் பொருள்பட ‘மாமல்லன்’ என்ற பட்டத்தைச் சூடி மகிழ்ந்தவன் நம் பல்லவன் நரசிம்மவர்மன்தானே!

இனி, அந்தப் பெண் கேட்ட எஃகுக் கம்பத்திற்கு வருவோம். தாயின் தயக்கத்திற்குக் காரணம் இல்லாமலில்லை. மேல்நாட்டு இரவுக் கேளிக்கை விடுதிகளின் வழியே உலகறிந்த ஆட்டம் அது. பின்னர் உடற்பயிற்சியாக மாறி, வீடுகளிலும் பயிற்சிக் கூடங்களிலும் பரவியது. 2017 அக்டோபரில் அனைத்துலக விளையாட்டுக் கூட்டமைப்புகளின் பொதுச் சங்கம், கம்ப விளையாட்டுக் கூட்டமைப்புக்குப் பார்வையாளர் தகுதி அளித்தது. உடை குறைவாக இருப்பதைப் பற்றித்தான் தாய் மிகவும் வருந்தினார். அதற்கு ஒரு காரணம் பௌதிகம். எஃகு வழுவழுப்பானது, துணி அதில் வழுக்கும், தோல்தான் பற்றும். ஆகவே முழங்காலும் தொடையும் வெளியே தெரிய வேண்டியிருக்கிறது. மல்லகம்பத்துச் சிறுவர் கச்சையோடு ஏறுவதும் இதே காரணத்தால்தான். எண்ணெயில் மட்டும் இரண்டும் நேர்மாறு. மரக்கம்பத்திற்கு விளக்கெண்ணெய் பூசுவர். உராய்ந்து தோல் கழன்றுவிடாமல் அது காக்கும். வழுக்கு மிகுந்தால் மரப்பிசின் பொடியைத் தூவுவர். எஃகுக் கம்பத்திலோ எண்ணெய் ஆகவே ஆகாது. தேங்காயெண்ணெய் தடவிய கையோடு ஏறினால் ஏறிய வேகத்திலேயே இறங்க வேண்டியதுதான்.

வீட்டிற்கென விற்கும் எஃகுக் கம்பம் பெரும்பாலும் 45 மில்லிமீட்டர் விட்டம் உள்ளது. தரைக்கும் கூரைக்கும் இடையே திருகி இறுக்கி நிறுத்துவர், ஆணி அடிப்பதில்லை. ஆகவே வாடகை வீட்டாருக்கும் ஏற்றது என்கின்றனர். உண்மைதான், ஆனால் மேலே இருப்பது உறுதியான கான்கிரீட் தளமாக இருக்க வேண்டும். அழகுக்காக அட்டைப்பலகையால் போட்ட போலிக் கூரைமேல் இறுக்கினால் கூரையும் கம்பமும் ஆளும் ஒன்றாக வரும். அக்குடும்பத்தின் கூடத்தில் போலிக் கூரைதான் இருந்தது. சுற்றிலும் கையைக் காலை வீசும் வெளியும் வேண்டும். சோபாவும் தொலைக்காட்சியும் சாப்பாட்டு மேசையும் அடைத்துக்கொண்டபின் நம் வீடுகளில் எஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகர் அறிவர்.

கயிறு இவ்வகையில் எளியது. பழைய வீடுகளில் ஊஞ்சலுக்கென்று உத்தரத்தில் பதித்த கொக்கி இன்னும் பல இடங்களில் உண்டு. அதைக் கட்டட வேலை தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு கயிற்றை மாட்டலாம். மின்விசிறிக்கு வைத்த கொக்கியில் மாட்டவே கூடாது. தொங்கிச் சுழலும் உடலின் இழுப்புக்கு அது அமைந்ததன்று. கீழே கனத்த மெத்தை அவசியம். பயிலும் பிள்ளை தனியே இருக்கலாகாது.

இங்கே எங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இவ்வித்தையை வீட்டில் பழகலாம். வீட்டில் மட்டுமே இருந்து கற்பது தகாது. ஏறுவதைவிட இறங்குவதே கடினம். தலைகீழாக இருக்கும்போது பிடி நழுவினால் கழுத்து நிலத்தைத் தொடும். சிவாஜி பூங்காவில் நாங்கள் நெடுநேரம் கவனித்தது ஏறிய பிள்ளைகளை அன்று. கீழே நின்ற ஆசிரியரின் கைகளை. சிறுவனின் பார்வை எங்கே போகிறதோ அதற்கு முன்பே அந்தக் கைகள் அங்கே போய்விடும். கைப்பேசித் திரையில் கற்பிக்கும் ஆசிரியர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் அவருக்குக் கை நீளாது.

வழக்கு ஒருவாறு சமாதானத்தில் நிற்கிறது. வாரத்தில் சில நாள் அந்தப் பெண் தாதருக்குச் சென்று கயிறு பழகுகிறாள். வீட்டில் தளத்துக் கொக்கியைச் சரிபார்த்து, கயிறு ஒன்று தொங்குகிறது. விருந்தினர் வரும் நாளில் அதைச் சுருட்டி மேலே கட்டிவிடுகின்றனர். முதல் மாதம் முழங்கால் மடிப்பிலும் கணுக்காலிலும் கயிறு உரசிச் சிவந்த தழும்புகளைக் கண்டு தாய் பதறினார். பாட்டி பதறவில்லை, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எஃகுக் கம்பத்தின் பேச்சு இன்னும் ஓயவில்லை. பதினெட்டு வயது ஆகட்டும் என்கிறார் தாய். பெண் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘மராட்டியப் பிள்ளைகளோடு பேச்சு எப்படி?’ என்று அவளிடம் கேட்டோம். பள்ளியில் எட்டாண்டு படித்தும் நாவில் ஏறாத மராத்தி, கயிற்றில் ஏறிய மூன்றே மாதத்தில் வந்துவிட்டதாம்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டிலும் இவ்வித்தை வேரூன்றியிருக்கிறது. விழுப்புரம் அதில் பெயர் பெற்ற ஊர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டிலும் மல்லர் கம்பம் இடம்பெற்றது. தாதரிலிருந்து புதுச்சேரிக்குப் புறப்படும் வண்டி விழுப்புரம் வழியாகவே செல்கிறது. அதன் பெயர் சாளுக்கியா எக்ஸ்பிரஸ். பெயர் வைத்தவர்கள் சோமேசுவர மன்னனின் மல்லர் கம்பத்தை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் பிள்ளைகளோடு அதில் ஏறும்போது நாங்கள் நினைத்துக்கொண்டோம்.