அஞ்சலகத்தில் இரண்டு இரவுகள்

விருந்தோம்பலைப் பற்றி மறையுரை ஆற்றுவது எளிது. 27 ஆண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ முறை அதனைச் செய்திருக்கிறோம். மம்ரே தோப்பில் ஆபிரகாம் வழிப்போக்கர் மூவரை ஓடிச்சென்று வரவேற்றதையும், பெத்தானியாவில் மார்த்தா அடுப்படியில் அல்லலுற்றதையும் எடுத்துரைத்து, இல்லம் தேடி வருவோரை எவ்வாறு நடத்த வேண்டும் என நம் மக்களுக்கு விளக்கியிருக்கிறோம். ஆனால் விருந்தாளியாகச் செல்பவர் எவ்வாறு இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறன்றும் பேசியதில்லை. வள்ளுவரும் விருந்தோம்பல் என ஓர் அதிகாரமே வகுத்தாரேயன்றி, விருந்தினரின் ஒழுக்கம் இதுவென அதில் ஒரு குறளும் சொல்லவில்லை. அப்படி ஒன்று கற்க வேண்டிய கலை என்பதே, சிங்கப்பூரில் நீர்க்கரையோரமாய் நிற்கும் ஒரு பெரிய விடுதியில் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தபோதுதான் நமக்குத் தெரியவந்தது.

நமது கையால் முதல் நற்கருணை பெற்ற இளைஞர் ஒருவர் அங்கே பொறியாளராகப் பணிபுரிகிறார். அவரது திருமணத்தை ஆசீர்வதிக்க அழைத்திருந்தார்கள். தங்குவதற்குப் பங்கு இல்லத்தில் ஓர் அறை போதும் என்று சொல்லியிருந்தோம். ஏழை விவசாயிகள் நிறைந்த பங்கின் குருவானவர் ஐந்து நட்சத்திர விடுதியில் உறங்கினார் என்பது ஊருக்குள் பரவினால் எப்படியிருக்கும் என்ற கூச்சமும் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் அந்த இளைஞர் தொலைபேசியில், "சாமி, அது பழைய பெரிய தபாலாபீஸ் சாமி. ஃபுல்லர்டன் பில்டிங். அதைத்தான் ஹோட்டலா மாத்தியிருக்காங்க" என்றார். அதன் பிறகு நமது மறுப்பு எழவில்லை.

காரணம் நம் தந்தையார். நாகைப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து 1950-ஆம் ஆண்டு 'ரஜுலா' கப்பலில் புறப்பட்டுச் சிங்கப்பூர் சென்றவர் அவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். பின்னர் பண்டகசாலையில் கணக்கெடுக்கும் வேலைக்கு உயர்ந்தார். மாதந்தோறும் சம்பளம் வாங்கிய மறுநாள் அரைமணி நேரம் நடந்து அந்தப் பெரிய அஞ்சலகத்துக்கு வந்து ஊருக்கு மணியார்டர் எடுப்பார். அவரது இரும்புப் பெட்டியில் இருந்தவற்றுள் கனமானது அந்த ரசீதுக் கட்டுதான். ஊரில் அம்மா தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருப்பார். மணியார்டர் வந்த நாளில் தபால்காரருக்கு மோர் கிடைக்கும், வராத நாளில் வெறும் தண்ணீர்தான். அந்தப் பணத்தில்தான் நம் மூத்தோர் மூவரும் படித்தனர், ஓலைவீடு ஓட்டுவீடாயிற்று, நாம் குருமடம் சென்ற செலவின் ஒரு பகுதியும் அதில் மிஞ்சியதே.

கட்டடத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில், முன்பு ஒரு கோட்டை இருந்த இடத்தில், 1928-இல் அது கட்டி முடிக்கப்பட்டது. நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநரான ராபர்ட் ஃபுல்லர்டனின் பெயர் சூட்டப்பட்டது. உயர்ந்த கல்தூண் வரிசைகள் கொண்ட அதன் கீழ்த்தளங்களில் தலைமை அஞ்சலகம்; அங்கிருந்த கவுண்டர் ஏறக்குறைய 300 அடி நீளம் என்பார்கள். போருக்கு முந்திய நாள்களில் மேல்தளங்களில் ஐரோப்பிய வணிகப் பெருமக்களின் 'சிங்கப்பூர் கிளப்' இருந்தது. 1942-இல் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாள்களில் அதே மாடிகள் காயமுற்றோரைக் கிடத்தும் மருத்துவமனையாயின. பின்னாளில் வருமானவரித் துறை முதலிய அரசு அலுவலகங்கள் வந்தன. 1996-இல் அஞ்சலகம் வெளியேறியது. 2001-ஆம் ஆண்டின் முதல் நாளில் 400 அறைகளுடன் விடுதி திறக்கப்பட்டது; 2015-இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம் தந்தையார் காலமானதும் 1996-இல்தான். இரண்டுக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் நமது மனத்தில் அவை ஒரே பக்கத்தில் எழுதப்பட்டுவிட்டன.

வாயிலில் வாகனம் நின்றதும் சீருடை அணிந்த ஒருவர் கதவைத் திறந்தார். மற்றொருவர் நமது பையைப் பற்றினார். நாம் விடவில்லை. அவரும் விடவில்லை. ஜவுளிக்கடைப் பெயர் அச்சிட்ட அந்தத் துணிப்பையின் ஒரு காது அவர் கையிலும் மறுகாது நமது கையிலுமாகச் சில நொடிகள் கழிந்தன. இறுதியில் அவர் புன்னகையுடன் விட்டுக்கொடுத்தார். நாம் வென்ற மகிழ்ச்சியில் உள்ளே நடந்தோம். நடுவே வானளாவத் திறந்த முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காய் அறைகள், மெல்லிய இசை, கால் வைக்கத் தயங்கும் பளிங்குத் தரை. அவ்வளவு நீளமான கவுண்டர் எங்கே இருந்திருக்கும் என்று கண்களால் அளந்து பார்த்தோம். வரிசையில் நின்றவர்களின் வியர்வை வாடையையோ, பணத்தாள்களை எச்சில் தொட்டு எண்ணும் ஒலியையோ அங்கே கற்பனை செய்வது அரிதாக இருந்தது. பழைய வரலாற்றைக் காட்டும் ஒரு சிறு கூடத்தில் படங்களும் அஞ்சல்தலைகளும் வைத்திருக்கிறார்கள். அவற்றின் முன் நெடுநேரம் நின்றோம். கூட்டத்தைக் காட்டும் படம் கண்ணில் பட்டபோதெல்லாம் வேட்டி கட்டிய உருவம் ஏதேனும் உண்டா என்று தேடியதை ஒப்புக்கொள்கிறோம்.

அறையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெத்தை நமக்குப் பழக்கமானதைவிட மிகவும் இளகியது. நள்ளிரவுக்கு மேல்தான் உறக்கம் வந்தது. வழக்கம்போல் நாலரை மணிக்கு விழித்தோம். குருமடத்தில் பழகிய வழக்கப்படி விரிப்பை உதறி, நான்கு மூலையும் இழுத்து மடித்து, தலையணைகளை நேராக்கி, குளித்து, குளியலறைத் தரையையும் துடைத்துவிட்டு, காலைச் செபத்துக்கு அமர்ந்தோம். பிறருக்குத் தொல்லை கொடுக்காத விருந்தாளி என்னும் நிறைவு மனத்தில் இருந்தது.

ஒன்பது மணியளவில் அறையைத் துப்புரவு செய்ய ஓர் அம்மையார் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஜொகூரிலிருந்து அன்றாடம் பாலம் கடந்து வேலைக்கு வருபவராம். மேசைமீதிருந்த சிலுவையையும் செபநூலையும் கண்டதும் தமிழில் பேசலானார்.

"ஃபாதர், நேத்து ராத்திரி நீங்க இங்க படுக்கலையா?"

படுத்தோம் என்றோம்.

"அப்ப மெத்தைய யாரு இப்படி விரிச்சு வச்சது?"

நாம்தான் என்று சற்றுப் பெருமையுடனேயே சொன்னோம். அவர் சிரித்துவிட்டார்.

"ஃபாதர், விரிப்பு இன்னைக்கு மாத்தணும். நீங்க மடிச்சத நான் முழுசா பிரிக்கணும், அப்புறம் புதுசு போடணும். இப்ப எனக்கு ரெண்டு வேலை!"

நமக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. உதவ எழுந்தோம். அவர் கையமர்த்தினார். "சில பேரு நாங்க வந்தா குளியலறைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவாங்க, கூச்சமாம். சில பேரு நாங்க நிக்கிறதையே பாக்க மாட்டாங்க. நீங்க ரெண்டும் வேணாம். உக்காருங்க ஃபாதர். பத்து நிமிசம்தான்."

உட்கார்ந்தோம். அந்தப் பத்து நிமிடம் போல் நீண்ட நேரம் நமது வாழ்வில் அதிகம் இல்லை. அவரது கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே வீச்சில் விரிப்பு காற்றில் எழுந்து, நடுக்கோடு பிசகாமல் மெத்தையின் மேல் படிந்தது. மூலைகளைத் தபால் உறைபோல் சாய்வாக மடித்து உள்ளே செருகினார். நாம் நாற்பது ஆண்டுகளாக மடித்து வருகிறோம். அந்த நேர்த்தி நமக்கு வாய்த்ததில்லை. முதல் நாள் பைக்காக நம்மோடு மல்லுக்கட்டிய அந்தப் பணியாளரின் முகமும் அப்போது நினைவுக்கு வந்தது. அவருடைய வேலையை அல்லவா நாம் பிடுங்கிக்கொண்டோம்! பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவும்போது, கால்களைப் பின்னுக்கு இழுக்கும் முதியவர்களிடம், பேதுருவைப் போல் மறுக்காதீர்கள் என்று ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்பவர் குனிந்திருப்பவர் அல்லவா; அமர்ந்திருப்பவரின் இடர் அவருக்கு எப்படித் தெரியும்?

அவர் போன பிறகு தந்தையாரின் நினைவு வந்தது. அன்று முழுதும் அகலவில்லை.

விடுப்பில் வந்து அவர் திரும்பிச் சென்ற சில மாதங்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி நாம். 1975-இல் 'சிதம்பரம்' கப்பலில் அவர் நிரந்தரமாக ஊர் திரும்பியபோது நமக்கு வயது ஐந்து. டெரிலின் சட்டையும் இரும்புப் பெட்டியுமாக வாசலில் ஒருவர் நிற்பதைக் கண்டு, அடுப்படிக்கு ஓடி, "அம்மா, விருந்தாளி வந்திருக்காங்க" என்று கத்தினோம். வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். உறவினர் வந்தபோதெல்லாம் நெடுநாள் சொல்லிச் சிரித்த கதை அது.

ஆனால் அவர் உண்மையிலேயே விருந்தாளியாகவே இருந்துவிட்டார். விடியுமுன் எழுந்து தமது பாயைத் தாமே சுருட்டி மூலையில் வைப்பார். உண்ட தட்டைத் தாமே கழுவிக் கவிழ்ப்பார். தாம் அனுப்பிய பணத்தில் எழுந்த வீட்டில், பானையிலிருந்து தண்ணீர் எடுக்கவும் கேட்டு நிற்பார். "25 வருசமா பணம் அனுப்புன மனுசன், ஒரு சொம்புத் தண்ணிய கேட்டு வாங்கிக் குடிக்கிறாரு" என்று அம்மா அத்தையிடம் சொல்லி அழுததை நாம் கதவுக்குப் பின்னிருந்து கேட்டிருக்கிறோம். அவருக்கு நம்மேல் ஒட்டுதல் இல்லை, மனம் அந்தச் சீமையிலேயே தங்கிவிட்டது என்பது அம்மாவின் முடிவு. நாமும் அப்படியே நம்பினோம். நம்பியதோடு நில்லாமல், குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த நாள்களில் அவரோடு வேண்டிய அளவுக்கு மேல் பேசியதுமில்லை. ஒரு கூடத்தில் பன்னிரண்டு பேராகத் தங்கி, தம் துணியைத் தாம் துவைத்து, தம் சோற்றைத் தாம் பொங்கி 25 ஆண்டுகள் இருந்த ஒருவருக்குப் பிறர் தட்டைக் கழுவும்போது பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிந்திருக்காது என்று, அப்போது நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஏற்றிருப்போமோ, அறியோம்.

அன்று முற்பகல் ஓஃபீர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888-இல் எழுந்த லூர்து அன்னை ஆலயத்தில் திருமணம் இனிதே நடந்தது. மாலையில் விடுதிக்கு எதிரே நீர்க்கரையில் நடந்தோம். தந்தையார் சொல்லிக் கேட்ட ஆறு அங்கே இல்லை. அவரது நாளில் தொங்கான் படகுகள் நெருங்கி நின்று, கருவாடும் ரப்பரும் எண்ணெயும் கலந்த நாற்றம் வீசுமாம். 1977-இல் தொடங்கிப் பத்தாண்டுகள் அந்த ஆற்றைத் துப்புரவு செய்தார்கள். 1983-இல் படகுகளை வேறிடத்துக்கு அனுப்பினார்கள். 1972-இல் வைத்த சிங்கத்தலை மீனும் 2002-இல் இடம் மாறி, விடுதிக்கு எதிரே நின்று நீர் உமிழ்கிறது. அதனினும் வியப்பு: கடல்வாயில் 2008-இல் அணை கட்டியதால் அந்த வளைகுடாவின் நீர் இன்று உப்பு நீரன்று, அது நகரத்தின் நன்னீர்த் தேக்கங்களுள் ஒன்று. தந்தையார் நின்று ஊர்த் திசையை நோக்கிய கடல், அந்த இடத்தில் கடலாகவே இல்லை.

மறுநாள் காலை நாலரைக்கு விழித்ததும் கைகள் தாமே விரிப்பைப் பற்றின. விட்டுவிட்டோம். கசங்கிய படுக்கையை அப்படியே போட்டுவிட்டு அறையைக் கடப்பது, நம்புங்கள், எளிதாக இல்லை. புறப்படும்போது பையை அந்தப் பணியாளரிடமே கொடுத்தோம். அவர் அதனைப் பட்டுத்துணியைத் தாங்குவதுபோல் வாகனம் வரை சுமந்து வந்தார்.

புறப்படுமுன் ஒரு படஅட்டை வாங்கி, அம்மாவின் பெயருக்கு நாலு வரி எழுதி அஞ்சலில் சேர்த்திருந்தோம். அப்பா மணியார்டர் எடுத்த இடத்தில் தங்கியிருக்கிறோம், நலம் என்ற அளவில்தான். அட்டை வந்து சேருமுன் நாம் ஊர் வந்துவிட்டோம். இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம் வீட்டில் அம்மாவுடன் இருந்தபோது தபால்காரர் கொண்டுவந்தார். அம்மாவுக்கு 86 வயது, பார்வை மங்கிவிட்டது. நாமே படித்துக் காட்டினோம். அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார்.

"சிங்கப்பூர்லேருந்தா?"

ஆம் என்றோம்.

"வெறும் கடுதாசி மட்டுந்தானா? மணியார்டர் வரலையா?" என்று கேட்டுவிட்டு, தபால்காரருக்கு மோர் கொடுத்தாயிற்றா என்று அண்ணியாரை நோக்கிக் குரல் கொடுத்தார்.