காவல் யார் கையில்?

வேலியே பயிரை மேய்ந்தாற்போல என்பது நம் முன்னோர் வாக்கு. காவல் செய்வோருக்கு வழங்கும் அதிகாரத்தை யார் காவல் செய்வது என்னும் கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது. குடிமையியல் பாடம் நடத்தும்போதெல்லாம் இக்கேள்வி என் நெஞ்சில் எழும். இங்கிலாந்தின் கவுண்டிகள் அதற்குக் கண்ட விடை, ஆசிரியர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நம் மலேசியாவில் நாடு முழுமைக்கும் ஒரே காவல் படை. மாநிலம், மாவட்டம், நிலையம் என அதன் படிகள் இறங்குகின்றன. நம்மை ஆண்ட ஆங்கிலேயரோ தம் தாயகத்தில் வேறு வழி கண்டனர். 1829இல் ராபர்ட் பீல் இலண்டனுக்குக் காவல் படை நிறுவியபோது, அஃது ஆட்சியாளரின் கைக்கருவி ஆகிவிடுமோ எனப் பலர் அஞ்சினர். பிற இடங்களில் காவல் உள்ளூர்ப் பொறுப்பாகவே வளர்ந்தது. 1839ஆம் ஆண்டுச் சட்டம் கவுண்டிகள் படை அமைக்க இசைவளித்தது; 1856ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியது. இன்றும் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 43 வட்டாரப் படைகள் உள்ளன.

எசெக்ஸ் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் படை 1840இல் தோன்றியது. தலைமையகம் செம்ஸ்ஃபோர்ட் நகரில் உள்ளது. வடக்கு, தெற்கு, மேற்கு என மூன்று வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் அவசர அழைப்புக்கு விரைவோரும், அக்கம்பக்கத்தாரோடு பழகி ஊர்நிலை அறிவோரும் உளர். குற்றப் புலனாய்வு, சாலைக் காவல், நெடிய கடற்கரைக்கெனப் படகுப் பிரிவு ஆகியவை கவுண்டி முழுமைக்கும் பொது. ஊதியமின்றிப் பணியாற்றும் தன்னார்வக் காவலரும் உண்டு. கைது செய்யும் அதிகாரம் அவர்களுக்கும் முழுமையாக உண்டு. பெரும்பாலான காவலர் துப்பாக்கி ஏந்துவதில்லை. தலைவரான சீஃப் கான்ஸ்டபிள் முதல் புதிதாகச் சேர்ந்தவர் வரை அனைவரும் சட்டத்தின் முன் 'கான்ஸ்டபிள்' என்னும் ஒரே பதவியினரே.

இனி, இப்படையை ஆள்பவர் யார்? சட்டமும் நிதியின் பெரும்பகுதியும் நடுவணரசு தருவன. உள்ளூர் மக்களும் வரி வழியே பங்களிக்கின்றனர். 2012 முதல் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆணையர் வரவுசெலவை வகுக்கிறார். படைத் தலைவரை அமர்த்துகிறார். வேண்டின் நீக்கவும் செய்கிறார். ஆயினும், "இன்னாரைப் பிடி, இன்னாரை விடு" என்று ஆணையிட அவருக்கு உரிமையில்லை. அம்முடிவு சீஃப் கான்ஸ்டபிளுடையது. ஆணையர் பதவியை 2028இல் நீக்கி, அப்பொறுப்பை மேயர்களிடமோ உள்ளூர் மன்றத் தலைவர்களிடமோ ஒப்படைக்கப்போவதாக அரசு 2025இல் அறிவித்தது.

தலைமையாசிரியனாகிய எனக்கு இவ்வமைப்பு எளிதில் விளங்குகிறது. கல்வி இலாகா பாடத்திட்டம் வகுக்கிறது, பெற்றோர் ஆசிரியர் சங்கம் நிதி திரட்டுகிறது, கேள்வி கேட்கிறது, கேட்கவும் வேண்டும். ஆனால், என் மகனுக்கு இத்தனை மதிப்பெண் இடு என்று எவரேனும் சொல்லத் தொடங்கினால், அன்றே பள்ளி பள்ளியாக இராது.

இம்முறைக்கும் குறையுண்டு. குற்றவாளிக்குக் கவுண்டி எல்லை தெரியாது. ஆகவே அண்டைப் படைகள் சில பிரிவுகளைக் கூட்டாக நடத்துகின்றன. காவலரே பிழை செய்வதும் உண்டு. அதனை ஆராயப் படைக்கு வெளியே தனி அமைப்பு இருக்கிறது.

வள்ளுவர் செங்கோன்மையை அடுத்துக் கொடுங்கோன்மையை வைத்தார். இரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு அவ்வளவு சிறிது. சீருடை கண்டு அஞ்சவும் வணங்கவும் மட்டுமே நம் மாணவர்க்குக் கற்பித்தால் போதாது. அச்சீருடைக்கு அதிகாரம் தந்தவர் யார், அதன் எல்லை எது என்று பணிவோடு கேட்கவும் கற்பிப்போம். கேட்கத் தெரிந்த குடிமகனே வேலிக்கு வேலி.