வரப்புல வளர்ற மரமும் காட்டை விட்டு வராத மரமும்

போன வாரம் சென்னையிலிருந்து மச்சான் பொண்ணு வந்திருந்தாள். எங்க சவுக்குத் தோப்பைப் பார்த்ததும், "பைன் மரமா மாமா?"ன்னு கேட்டாள். ஊசி மாதிரி இலை, கூம்பு மாதிரி காய். யாருக்கும் அப்படித்தான் தோணும். ஆனா சவுக்கு பூக்கிற மரம்.

நிஜமான கூம்பு மரம் தென்னிந்தியாவுல இயற்கையா வளர்றது ஒண்ணே ஒண்ணுதான். நேஜியா வாலிச்சியானான்னு பேரு. ஊட்டி, கொடைக்கானல் பைன் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டது. இது அகத்தியமலைப் பக்கத்து மழைக்காட்டுல நிக்கிற மரம். ஊசி இலை கிடையாது, நல்ல அகல இலை. நடு நரம்பே இருக்காது. விதையைச் சதை மூடியிருக்கும், பழம்னே நினைச்சுப்போம். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இருக்கிறதால உலகக் கணக்குல அதுக்கு ஆபத்து இல்லை. நம்ம மலையிலதான் அங்கொண்ணு இங்கொண்ணா நிக்குது.

அடுத்து, வரப்போரம் நான் வச்ச நாலு செம்மரத்தைக் காட்டினேன். மஞ்சள் பூ, வட்டமா சிறகு வச்ச காய். இதோட சொந்த ஊர் நமக்கு வடக்கே, ஆந்திராவுல சேஷாசலம், கடப்பா மலைங்க. அந்தச் சுத்துவட்டாரத்தை விட்டா உலகத்துல வேற எங்கேயும் இயற்கையா கிடையாது. அழியும் ஆபத்துல இருக்கிற மரம்னு சர்வதேசப் பட்டியல்லயே இருக்கு. காரணம் அதோட விலை. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி, செம்மரம் வெட்ட வந்தாங்கன்னு சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதுல 20 பேர் செத்தாங்க. எல்லாம் நம்ம தமிழ்நாட்டு ஏழைக் கூலிக்காரங்க. மரத்தை வாங்கி வித்தவன் எவனும் அதுல இல்லை.

"அப்போ ரெண்டையும் இங்கேயே நட்டுடலாமே மாமா?"ன்னாள்.

செம்மரத்தை நடலாம்மா. வெயில் தாங்கும், கல்லு நிலத்துலயும் வரும். நம்மள மாதிரி ஆளுங்க பட்டா நிலத்துல வச்சு, முறையா விக்க வழி சுலபமா இருந்தா, காட்டு மரத்து மேல கை வைக்கிறது குறையும். இப்போ நம்ம நிலத்து மரத்தை வெட்டவும் வனத்துறை அனுமதி வேணும். வைரம் பாய இருபது, முப்பது வருஷம் ஆகும். அதுக்கப்புறம் காகிதத்துக்கு அலையணும்னா எவன் நடுவான்?

அந்தக் கூம்பு மரம் அப்படி இல்லை. பழவேற்காட்டு உப்புக் காத்துல ஒரு கோடைகூடத் தாங்காது. அதுக்கு மழை, நிழல், ஈரம், பக்கத்துல ஜோடி மரம் எல்லாம் வேணும். நட்டுக் காப்பாத்துற மரம் இல்லை அது. காட்டை அப்படியே விட்டாத்தான் உண்டு.

ஊருக்குக் கிளம்பும்போது நாலு செம்மர விதை கேட்டாள். மடிச்சுக் கொடுத்தேன். இன்னொண்ணுக்குக் கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லை.