ஐஸ் ஹவுஸில் படித்த பெண்கள்

எங்கள் நெய்வேலியில் பழைய வீடு ஒன்றைக் காட்டு என்றால் திண்டாடித்தான் போவோம். எல்லாம் 1956-க்கு அப்புறம் போட்ட பிளாக்குகள், வரிசை வரிசையாய் குவார்ட்டர்ஸ், கொல்லையில் பலாவும் முருங்கையும். அதனால்தானோ என்னவோ, பெண்ணுக்கு ஹாஸ்டல் பார்க்கச் சென்னை போனபோது, திருவல்லிக்கேணி கடற்கரை எதிரே நிற்கும் அந்த வட்டக் கட்டடம் என்னை இழுத்து நிறுத்திவிட்டது.

இன்று விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு இன்னமும் ஐஸ் ஹவுஸ்தான்! 1842-ல் ட்யூடர் என்ற அமெரிக்கர், அவர்கள் ஊர் ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் மாதக்கணக்கில் கொண்டுவந்து இங்கே சேமித்தார். இங்கேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, வராந்தாவும் ஜன்னல்களும் வைத்து வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் தங்கியது அப்போதுதான்.

எனக்கு மனசு நின்றது அதற்கடுத்த கதையில். 1917-ல் அரசாங்கம் இதை வாங்கியது. குழந்தை விதவைகளுக்குச் சகோதரி சுப்புலட்சுமி நடத்திவந்த விடுதி இங்கே வந்தது. அவரே சிறு வயதில் விதவையானவர். மூலையில் உட்கார வைக்காமல் அப்பா படிக்க வைத்தார், 1911-ல் பி.ஏ. தேறினார். விதவையான சித்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழும்பூரில் ஆரம்பித்த விடுதி அது. பிராமணப் பெண்களுக்கு மட்டும்தான். அந்தக் குறை இருந்தாலும், எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஊர் ஒதுக்கிய பெண்கள் இந்த மாடியில் கடல் காற்றில் பாடம் படித்தார்கள், டீச்சர்களாய் வெளியே போனார்கள் என்றால் சும்மாவா? 1922-ல் தொடங்கிய லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் அவர்தான் முதல் பிரின்சிபால்.

என் பாட்டிக்கு ஓர் அத்தை இருந்தாராம். பத்து வயசில் தாலி போய், தலையை மழித்து, கடைசிவரை அடுப்படிதான். அவர் காலத்திலேயே இந்த ஹாஸ்டல் இருந்திருக்கிறது. யாரும் கொண்டுவந்து விடவில்லை.

"வயசுப் பெண்ணை ஹாஸ்டலிலா விடுவது?" என்று மாமியார் ஒரு வாரமாய் முகம் கொடுத்துப் பேசவில்லை. இங்கே வரும்வரை எனக்கும் அரை மனசுதான். அன்று சாயங்காலமே பணத்தைக் கட்டிவிட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் பெண் கேட்டாள், "அம்மா, அந்த அத்தையோட பேர் என்ன?" எனக்குத் தெரியவில்லை. ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. எல்லாரும் அத்தை என்றே கூப்பிட்டார்களாம்.