ஜெகதாப்பட்டினத்துக் கரை

“தங்களுக்கு எந்த ஊர்?” என்று ரயிலில் பக்கத்தில் இருப்பவர் கேட்டால், சட்டென்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிடக் கூடிய பாக்கியசாலிகள் அநேகர் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்ல. என் தகப்பனார் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். ஆகையால் மாயவரம் ஜங்ஷனில் பிறந்து, மானாமதுரை ஜங்ஷனில் எழுத்துக் கற்று, விழுப்புரம் ஜங்ஷனில் மீசை முளைக்கப் பெற்றேன். பட்டம் வாங்கியது திருச்சிராப்பள்ளியில். கல்யாணம் நடந்தது புதுக்கோட்டையில். இவற்றில் எதை என் ஊர் என்று சொல்வது?

2002-ம் வருஷத்தில் சரித்திரத்தில் பி.ஏ. பட்டம் பெற்றேன். சரித்திரம் படித்தவனுக்கு வேலை கிடைப்பது சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய சம்பவம் என்பதை அச்சமயம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மதுரையில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தினேன். கோயமுத்தூரில் ஒரு பம்பு செட்டுக் கடையில் கணக்கு எழுதினேன். ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து உறவினர் அனைவரையும் விரோதித்துக் கொண்டேன். பிறகு பி.எட். படித்து, தனியார் பள்ளிகளில் சில வருஷம் தொண்டை வறளக் கத்தி, 2013-ல் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, மறு வருஷம் சர்க்கார் பள்ளி ஆசிரியன் ஆனேன். முதலில் ஜவ்வாது மலை. அதற்கப்புறம் பேராவூரணிப் பக்கத்தில் ஒரு கிராமம்.

அந்தக் கிராமத்தில்தான் குடும்பம் இரண்டு பட்டது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியற்காலையில் ‘கஜா’ புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையேறியது. பொழுது விடிந்து பார்த்தபோது, முதல் நாள் வரை வானத்தை மறைத்துக் கொண்டிருந்த தென்னந்தோப்புகள் எல்லாம் தரையில் கிடந்தன. எங்கள் பள்ளிக்கூடம் சத்திரமாயிற்று. வீட்டு ஓடுகள் போய்விட்டபடியால், என் மனைவியையும் குழந்தையையும் அவள் பிறந்தகமாகிய புதுக்கோட்டைக்கு அனுப்பி வைத்தேன். “பத்து நாளைக்குத்தான்” என்று சொல்லி அனுப்பினேன். போன இடத்தில் குழந்தையைப் பள்ளியில் சேர்த்தார்கள். என் சகதர்மிணிக்கும் ஒரு வேலை அகப்பட்டது. அந்தப் பத்து நாள் முடிவதற்கு ஏழு வருஷம் ஆயிற்று. அந்த ஏழில் கடைசி நாலு வருஷத்தை நான் கழித்த ஊர் ஜெகதாப்பட்டினம்.

புதுக்கோட்டையிலிருந்து ஜெகதாப்பட்டினம் போக வேண்டுமானால் அறந்தாங்கிக்குப் போய், அங்கிருந்து ஆவுடையார்கோயில் வழியாக மீமிசலை அடைந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே திரும்ப வேண்டும். வறண்ட பூமி; வழியெல்லாம் ஏரிகளும் சீமைக் கருவேலங் காடும். பஸ்ஸின் ஜன்னல் வழியாக வரும் காற்றில் உப்பு ஏறத் தொடங்கியதும், கடல் சமீபித்துவிட்டது என்று அறிந்து கொள்ளலாம்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதிகாலையில் அந்தப் பஸ்ஸில் அரைத் தூக்கத்துடன் ஆவுடையார்கோயிலைக் கடக்கும்போது எனக்கு மாணிக்கவாசகர் ஞாபகம் வருவதுண்டு. அந்த ஊர்தான் திருப்பெருந்துறை. திருவாதவூரில் பிறந்து, மதுரையில் பாண்டியனுக்கு மந்திரியாகி, ராஜாங்கப் பணத்துடன் கீழ்க்கடற் கரைக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டவர், வழியில் இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார் என்பது வரலாறு. கொண்டு வந்த பணம் கோயில் திருப்பணியில் கரைந்தது. அந்தக் காலத்திலும் தணிக்கை அதிகாரிகள் இருந்திருப்பார்கள் போலிருக்கிறது. மந்திரி சிறையில் அடைபட்டார். நரிகள் பரிகளான கதை அனைவரும் அறிந்ததே. கோயிலுக்குள் போய்ப் பார்த்தால், மூலஸ்தானத்தில் லிங்கம் கிடையாது. ஆவுடை மட்டுமே உண்டு. எதிரே நந்தியும் இல்லை. சுடச் சுடப் புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் கொட்டி, எழும் ஆவியையே நிவேதனம் செய்கிறார்கள். மேலே அண்ணாந்தால், மரச் சட்டமும் கம்பியும் ஆணியும் போலக் கல்லில் இழைத்த கொடுங்கைகள். உத்தியோக நிமித்தமாகப் புறப்பட்ட ஒருவர், போக வேண்டிய ஊருக்குப் போகாமல், தாம் இருக்க வேண்டிய ஊரைக் கண்டுகொண்ட இடம் அது. எனக்கோ ஏழரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஞானம் உதிக்கவில்லை.

மனிதர்களுக்கு மட்டுமா மாற்றல் உத்தரவு வருகிறது? ஊர்களுக்கும் வருவதுண்டு. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச்சு மாதம் 3-ந் தேதி அந்தச் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. ஜெகதாப்பட்டினமோ தஞ்சாவூர் ஜில்லாவில் இருந்தது. 1974 ஜனவரி 14-ந் தேதி, பொங்கலன்று, புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது அறந்தாங்கிப் பிரதேசம் இதனுடன் சேர்க்கப்பட்டது. புதுக்கோட்டைக்கு அப்படித்தான் கடல் கிடைத்தது. ஜெகதாப்பட்டினம் இருந்த இடத்தை விட்டு ஓர் அங்குலமும் நகராமல் ஜில்லா மாறிற்று. சாமான் கட்டும் தொல்லையில்லாத அத்தகைய மாற்றல் என் போன்றவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஊரின் முன்னே கிடக்கும் கடலுக்குப் பாக் விரிகுடா என்று பெயர். அலை அதிகமில்லாத, ஆழமில்லாத கடல். ராமேசுவரத்தில் இதைப் ‘பெண் கடல்’ என்றும், தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவை ‘ஆண் கடல்’ என்றும் சொல்வார்கள். ‘பாக்’ என்பது ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயர். பாதிரியாராக இந்தியாவுக்கு வந்த இந்த மனிதர், வேதத்தை மூடி வைத்துவிட்டுக் கம்பெனி உத்தியோகத்தில் புகுந்து, 1763-லிருந்து 1767 வரையில் சென்னைக் கவர்னராக இருந்து, ஏராளமான செல்வத்துடன் சீமைக்குத் திரும்பிப் பார்லிமெண்டு அங்கத்தினரானார். ஒரு கரையில் மந்திரி துறவியானார். அந்தக் கரையின் கடலுக்கோ, கவர்னர் பதவிக்கு வந்த மத குருவின் பெயர்! இந்த விசித்திரத்தை வகுப்பில் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவன் எழுந்து, “சார், அவருக்கு முந்தி இந்தக் கடலுக்கு என்ன பேரு?” என்று கேட்டான். “உன் தாத்தாவைக் கேள்” என்று சொல்லித் தப்பித்துக் கொண்டேன்.

அதன் பலனாகத்தான் அந்தத் தாத்தாவுடன் எனக்குச் சிநேகம் ஏற்பட்டது.

விசைப்படகுகள் இங்கே திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களில் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. காலையில் மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வாங்கி, ஐஸும் டீசலும் ஏற்றிக் கொண்டு புறப்பட்டால், மறு நாள் திரும்புவார்கள். அப்போது இறங்குதளத்தைப் பார்க்க வேண்டுமே! இறால் ஒரு பக்கம், நண்டு ஒரு பக்கம், கணவாய் ஒரு பக்கம். மனிதர் சாப்பாட்டுக்கு உதவாத ‘சங்காயம்’ தீவன ஆலைக்காக ஒரு பக்கம். ஏலக் கூச்சலில் காக்கைகளின் குரல் கூட எடுபடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்கள் பெருகுவதற்காக 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் ஊரே கரையில் உட்கார்ந்து வலை பழுது பார்க்கும்.

தாத்தா வலை பின்னும் இடம் ஓர் ஐஸ் கம்பெனியின் நிழல். எழுபது வயதிருக்கும். என் உத்தியோக சரித்திரத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தம்முடையதைச் சொன்னார். எனக்குப் பேச்சு எழவில்லை. தகப்பனாருடன் பாய் விரித்த வள்ளத்தில் போனவர். விசைப்படகு வந்ததும் அதில் கூலியாளாக ஏறினார். 1974, 1976 ஆகிய வருஷங்களில் இந்தியாவும் இலங்கையும் செய்து கொண்ட ஒப்பந்தங்களினால் கடலில் எல்லை வகுக்கப்பட்டது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. அப்புறம் இலங்கையில் யுத்தம் மூண்டது. உயிருக்குப் பயந்து கேரளத் துறைமுகங்களில் வேலை பார்த்தார். வளைகுடா நாட்டில் அரபு முதலாளியின் படகு ஓட்டினார். திரும்பி வந்து, கடன் வாங்கி, ஒரு விசைப்படகில் பங்கு சேர்ந்தார். அதைச் சில வருஷங்களுக்கு முன் இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டு போயிற்று. படகு அக்கரையில் எங்கோ மட்கிக் கிடக்கிறது. கடன் இக்கரையில் வளர்ந்து கொண்டிருக்கிறது.

“அக்கரையிலேயும் நம்ம ஜனந்தான், வாத்தியாரையா. அவுக வலையை எங்க இழுவை மடி அறுத்துப்புடுது. அதுவும் நெசந்தான். ஆனா இந்தக் கடலு இம்புட்டுத்தானே இருக்கு?” என்றார். இலங்கைச் சர்க்கார் 2017-ல் இழுவை மடியைத் தடை செய்ததும், மறு வருஷம் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைக் கோடிக் கணக்கில் உயர்த்தியதும் நான் பத்திரிகையில் படித்த விஷயங்கள். அவருக்கு அவை வீட்டு விஷயங்கள்.

சென்ற ஜனவரியில் பேரன் பள்ளிக்கு வராமல் நின்றான். பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு இரண்டு மாதந்தான் இருந்தது. தேடிக் கொண்டு போனேன். விடியற்காலை நாலு மணிக்கு, பெட்டிகளில் நொறுக்கிய ஐஸை வாரிப் போட்டுக் கொண்டிருந்தான். அவன் தகப்பனும் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, யாழ்ப்பாணச் சிறையில் இருந்தான். தாத்தாவிடம் வாதாடினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: “பய படிக்கட்டும். மனு எழுதறதை நீங்க பார்த்துக்கிருங்க.”

அச்சுக்கூடத்தில் பிழை திருத்தியதும், கடையில் கணக்கு எழுதியதும், இன்ஷூரன்ஸுக்காக வீட்டு வாசல்களில் காத்து நின்றதும் வீண் போயிற்று என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த இரண்டு மாதத்தில் மூன்றும் உபயோகப்பட்டன. கலெக்டருக்கும், மீன்வளத் துறைக்கும், பார்லிமெண்டு அங்கத்தினருக்கும் பிழையில்லாமல் மனு எழுதினேன்; கடன் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் கொடுத்தேன்; ஆபீஸ் வாசல்களில் பொறுமையுடன் நின்றேன். என் மனுவினால்தானோ, தானாகத்தானோ, மார்ச்சு மாதத்தில் விடுதலை வந்தது. கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னை. அங்கிருந்து சர்க்கார் வண்டியில் ஊர். ஆயுளில் முதல் முதலாக ஆகாய விமானத்தில் ஏறிய அந்த மனிதன், அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. படகு வரவில்லை. பையன் பரீட்சை எழுதித் தேறினான்.

இந்த வெற்றியைப் புதுக்கோட்டைக்குப் போய் விஸ்தாரமாக வர்ணித்தேன். வர்ணனையின் நடுவே, மீனவர்கள் திங்கட்கிழமை போனால் செவ்வாய்க்கிழமை திரும்பி விடுவார்கள் என்று சொல்ல நேர்ந்தது. என் மனைவி கறிகாய் நறுக்குவதை நிறுத்தினாள்.

“அவர்கள் மறு நாளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் எந்தக் கடலுக்குப் போயிருக்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு எந்தச் சரித்திரப் புஸ்தகத்திலும் விடை இல்லை. ஊரார் பிள்ளையின் தகப்பனை வீட்டுக்கு வரவழைக்க இரண்டு மாதம் அலைந்தவன், தன் பெண் ஒரு நாள் கூடத் தகப்பன் கையைப் பிடித்துக் கொண்டு பள்ளிக்கூடம் போனதில்லை என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. அந்த வருஷக் கலந்தாய்வில் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் கேட்டு வாங்கிக் கொண்டேன்.

தாத்தாவிடம் சொல்லிக் கொள்ளப் போனபோது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது. அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நானும் எத்தனையோ கடலு பார்த்துட்டேன். ஆனா எங்கே போனாலும் திரும்பி வர்ற கரை இதுன்னு தெரியும். உங்களுக்கு இத்தனை நாளா எது கரைன்னே தெரியலை. இப்பத் தெரிஞ்சிருச்சில்ல? போய்ட்டு வாங்க” என்றார். பிறகு உள்ளே போய், காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்து கொடுத்தார். நெத்திலிக் கருவாடு.

தடைக்காலம் முடிந்து படகுகள் முதல் தடவையாகக் கடலுக்குப் போன வாரம் அது. இறங்குதளம் காலியாக இருந்தது. மீமிசலில் பஸ் ஏறியதும் பொட்டலத்தின் பெருமை வண்டி முழுவதும் பரவிற்று. பக்கத்திலிருந்தவர் ஒரு முறை மூச்சை இழுத்துவிட்டு, “ஜெகதாப்பட்டினமா உங்களுக்கு?” என்றார். என் ஊரைத் தாமாகவே கண்டுபிடித்துச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். மறுக்க மனம் வரவில்லை.

புதுக்கோட்டையில் கதவைத் திறந்தது என் பெண். தாயாரின் தோளுக்கு மேலே வளர்ந்திருந்தாள். என் கையிலிருந்த பெட்டியையும் படுக்கையையும் பார்த்துவிட்டு, “இந்தத் தடவை எத்தனை நாள் லீவு, அப்பா?” என்று கேட்டாள்.

பதில் சொல்வதற்கு முன்னால் பெட்டியைக் கீழே வைத்தேன்.